"வண்டியைச் சூடாக்கி ரெடியா வெச்சிடறேன் சார்!" - பழைய டீசல் கார் வாங்கப் போறீங்களா?

2018, மாசி மாதம். கோயம்புத்தூரில் ஒரு கார் விலைக்கு இருப்பதாக விளம்பரம். கறுப்பு நிற செடான், டீசல், ஒரே ஓனர். போட்டோவைப் பார்த்த அன்று இரவே எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன் செய்தால், விற்பவர் அவ்வளவு பிரியமாகப் பேசினார்.

"திருச்சியில இருந்தா வர்றீங்க? அலைய விட மாட்டேன் சார். நீங்க வர்றதுக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சூடாக்கி ரெடியா வெச்சிடறேன்!"

என்ன நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாய் சிரித்தார். பாய் என்றால் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். முப்பது வருஷமாக டீசல் வண்டிகளின் வயிற்றுக்குள் கைவிட்டவர். "போலாம் தம்பி. ஆனா பணத்தை வீட்டிலேயே வெச்சிட்டு வாங்க" என்றார்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் பளபளவென்று நின்றது. நான் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் தடவிக்கொண்டிருக்க, பாய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நல்ல சூடு. "தம்பி, பசிக்குது. சாப்பிட்டு வந்து பார்ப்போம். வண்டியை ஆஃப் பண்ணியே வைங்க சார்" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு, டீ, மறுபடியும் டீ என்று மூன்று மணி நேரம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், இன்ஜின் ஏழெட்டு விநாடி இழுத்தது, குலுங்கியது, இருமியது. பிறகு பிடித்தது. எதிர்வீட்டுக் கோலத்தை மறைக்கிற அளவுக்கு நீலப் புகை.

"நேத்து வரைக்கும் இப்படி இல்லையே சார்..." என்றார் விற்பவர்.

பஸ் பிடித்துத் திரும்பினோம்.

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை இருபது மடங்கு அளவுக்கு அமுக்கி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் தேய்ந்துபோயிருந்தால் அழுத்தம் கசியும், சூடு போதாது, வண்டி எழுந்திருக்காது. ஆனால், ஒருமுறை சூடாகிவிட்டால் பாதிக் குறை மறைந்துவிடும். அதனால்தான் விற்பவர்கள் நமக்காக அவ்வளவு அன்போடு வண்டியைச் சூடாக்கி வைக்கிறார்கள்.

பழைய டீசல் காரைப் பார்க்கப் போகிறீர்களா? காலை ஆறு மணிக்குப் போங்கள். முதல் ஸ்டார்ட் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினால், இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால் உடனே பயந்துவிட வேண்டாம். ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் இழுக்கும். அது சின்னச் செலவு. புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் மேலேயே வையுங்கள். மூடி துள்ளிக் குதித்து, புகையும் வந்தால், 'பேக் கம்ப்ரஷன்' அடிக்கிறது என்பார்கள். அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை நிச்சயம்.

மூடியின் அடிப்பக்கம் காபி நுரை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

எந்த காரை வாங்கலாம்?

ஆசைப்பட்டது எதுவோ அது என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். நான் தொடங்கியது பழைய மெர்சிடீஸில். 1995-லிருந்து புனேயில் தயாரான அந்த 'டபிள்யூ 124' மாடல், டீசல் பிரியர்களின் கனவு. அந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கிரீஸ் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிதிஸ், 1976 மாடல் மெர்சிடீஸ் 240 டீசலை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-ல் அந்த காரை கம்பெனியே வாங்கி மியூசியத்தில் வைத்தது. "பார்த்தீங்களா, டீசல் இன்ஜினுக்குச் சாவே இல்லை" என்று இதைச் சொல்லி முடிப்பார்கள். அவர் உதிரி இன்ஜின்களை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பொருத்தித்தான் அவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அதுதான். வண்டி தானாக நீடிக்கவில்லை, விடாமல் பார்த்துக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார்.

பாய் என் மெர்சிடீஸ் ஆசையை ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். "இதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவன் நம்ம ஊர்ல எத்தனை பேரு தம்பி?"

பழைய கார் வாங்கும் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இசுஸு டீசல் இன்ஜின் வைத்த அம்பாசடரா? இன்ஜின் வேலை தெரிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதே இன்ஜின் வைத்த கான்டெஸா பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பின்பக்க விளக்கு உடைந்தால் ஊர் ஊராகத் தேட வேண்டியதுதான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் டீசல் எளிமையான வண்டி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து வந்த ஹூண்டாய் ஆக்ஸென்ட் சி.ஆர்.டி.ஐ நன்றாக மைலேஜ் கொடுக்கும், ஆனால் அது 'காமன் ரெயில்' வகை. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிற அமைப்பு. டீசலில் துளி தண்ணீரோ தூசியோ கலந்தால் இன்ஜெக்டர்கள் போய்விடும். பழைய ரோட்டரி பம்ப் வண்டிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துப்போகும்.

நான் கடைசியில் வந்து நின்றது ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டீசலில். 1,896 சி.சி, 90 குதிரைத் திறன், ரோட்டரி பம்ப். 1,900 ஆர்.பி.எம்-மிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடும். ஐந்தாவது கியரில் போட்டுவிட்டால், விராலிமலை ஏற்றத்தில்கூட கியரை மாற்றச் சொல்லாது. பாய்க்கு அந்த இன்ஜினைத் தெரியும். உதிரி பாகங்கள் வெளிக்கடையிலும் கிடைக்கும். அவ்வளவு போதும் எனக்கு.

ஆக்டேவியா என்று முடிவான பிறகும் நாலு வண்டி பார்த்துவிட்டு வேண்டாம் என்றோம். ஒன்று சென்னை வண்டி. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்த்தார் பாய். கடைசி ஓரத்தில் செம்மண் கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார். வெளியே கழுவலாம், சீட் பெல்ட்டின் உள்சுருளை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியையும் கார்ப்பெட்டுக்கு அடியையும் அதே மாதிரி பார்க்க வேண்டும். இன்னொன்று கடலோர ஊர் வண்டி. அடியில் துரு, மேலே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம், துருப்பிடித்த பாடியோடு மல்லுக்கட்ட முடியாது.

மூன்றாவது, டெல்லிப் பதிவெண் கொண்ட கார். பாதி விலை! பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கிருந்து வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வந்தன. மோசமான வண்டிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ-விடமிருந்து என்.ஓ.சி வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், மறுபதிவு செய்ய வேண்டும். "என்.ஓ.சி அடுத்த வாரம் வந்துடும் சார்" என்று சொல்பவரிடம், வந்த பிறகே பணம் தருவதாகச் சொல்லுங்கள். நாலாவது வண்டியில் பழைய கடனின் ஹைப்போதிகேஷன் ஆர்.சி-யில் அப்படியே இருந்தது. அதையும் விட்டோம்.

கரூர் நோட்டு

கரூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டில் கிடைத்தது என் கார். 2006 மாடல், வெள்ளி நிறம். இடதுபக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியவில்லை என்றார். பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். ஆயில் மாற்றிய பக்கத்தில் பில் குத்தியிருந்தது. 2011 ஏப்ரலில், 62,340 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் மாற்றிய குறிப்பும் இருந்தது.

பாய் காரைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். மீட்டரை யார் வேண்டுமானாலும் குறைத்து வைக்கலாம். பன்னிரண்டு வருஷத்து நோட்டை, வெவ்வேறு பேனாவில், ஒருவர் உட்கார்ந்து பொய்யாக எழுத முடியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போனோம். ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது.

1,75,000 கேட்டவர் 1,60,000-க்குக் கொடுத்தார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ரேடியேட்டர்ல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க தம்பி. கூலன்ட்தான்."

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அலாய் வீல், புது மியூசிக் சிஸ்டம் என்று ஆசைகள் வரிசைகட்டின. பாய் சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். மீட்டர் 1,18,000 காட்டியது. பெல்ட் மாற்றி ஏழு வருஷம் ஆகிவிட்டது. "பெல்ட்டை மாத்தாம இந்த வண்டி ஷெட்டைவிட்டு வெளிய போகாது."

இந்த பெல்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய டீசல் வாங்கியவர்கள் நிறைய பேர் கவிழ்கிற இடம் இது. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும், கீழே பிஸ்டன்களை ஆட்டும் கிராங்க்கையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது ஒரு ரப்பர் பெல்ட். என் காரில் டீசல் பம்ப்பும் வாட்டர் பம்ப்பும் அதிலேயே ஓடுகின்றன. பெல்ட் அறுந்தால் தாளம் தப்பும். திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், பிஸ்டன் அடிபடும், சில சமயம் ஹெட்டே போய்விடும். அதற்கு முன் சத்தமோ விளக்கோ எதுவும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அப்படியே நின்றுவிடும். குறைவாக ஓட்டினாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால், கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். என் வண்டிக்கு 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம் என்று பாய் வைத்திருக்கிறார். மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வாட்டர் பம்ப்பை விட்டுவைத்து, ஆறு மாதத்தில் அது ஒழுகினால், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

கழற்றிய பெல்ட்டை மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் மெல்லிய வெடிப்புகள். கரூரிலிருந்து இதோடுதான் நூறில் வந்திருந்தேன். அந்த பெல்ட் இன்னமும் ஷெட் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க உதவுகிறதாம்.

பெல்ட் வேலைக்கு 24,000. நாலு டயர், லோயர் ஆர்ம் புஷ்கள், பிரேக் டிஸ்க், ஹீட்டர் பிளக், எல்லா ஃபில்டர்களும், காய்ந்துபோன ஹோஸ்கள்... முதல் வருஷம் மொத்தம் 92,000 ஆனது. வாங்கிய விலையில் பாதிக்கு மேல். அதில் ஒரு பங்கு என் மனைவி கட்டிய சீட்டுப் பணம். "நீங்க கார் வாங்கினீங்களா, காருக்கு நம்மள வித்தீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. கையில் மூன்று லட்சம் இருக்கிறதா? இரண்டு லட்சத்துக்குள் கார் பாருங்கள். மிச்சம் காருக்கே வேண்டும். இதை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

டீசல் சிக்கனம் என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். இதே அளவு பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் எரிபொருளில் சுமார் 14,000 ரூபாய் மிச்சமாகலாம். டீசல் பம்ப்பை ஒருமுறை கழற்றி காலிபரேஷனுக்குக் கொடுத்தால் அது போச்சு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, பெட்ரோலுக்கும் அதற்கும் பழைய வித்தியாசமும் இல்லை. மிச்சம் பிடிக்க நினைத்துப் பழைய டீசல் கார் வாங்குகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அந்த இழுவையும் சத்தமும் பிடித்து வாங்குகிறவர்கள் வாங்கலாம்.

தினசரிப் பராமரிப்பு அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. ஆயிலை 10,000 கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கு ஒருமுறையோ மாற்றுகிறேன். டீசல் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், அதைப் பார்த்து மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வடித்துவிடுவேன். கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால், டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைப்பேன். இன்ஜினுக்குக் கீழே சம்ப் கார்டு போட்டாயிற்று. நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. நீள நோட்டில் நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரூர்க்காரர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து.

எதிர்வீட்டுப் பாட்டி

ஒரு நாள் காலை, வழக்கம்போல ஸ்டார்ட் செய்துவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் சூடாக்கினால்தான் டீசலுக்கு நல்லது என்று யாரோ எப்போதோ சொன்னது. எதிர்வீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு வீசிங் உண்டு.

"ஏம்ப்பா, அதைச் சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடேன். எனக்கு மூச்சு முட்டுது."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் உறைத்தது. எங்கள் தெரு பதினைந்தடி அகலம். புகை போக வேறு இடம் கிடையாது.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. இப்போதைய டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்க தனி ஃபில்டர் இருக்கிறது. என் காரில் இல்லை. காரை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

பாயிடம் போய்க் கேட்டேன். "யாரு தம்பி பத்து நிமிஷம் சொன்னது? நம்ம ஊரு என்ன காஷ்மீரா? அரை நிமிஷம் போதும். எடுத்துட்டு மெதுவாப் போங்க, ஓட ஓடச் சூடாகும்" என்றார். சும்மா நிற்கும்போது டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறுவதே இல்லையாம். கரிதான் சேருமாம். இரண்டு வருஷமாகப் பாட்டியின் மூச்சையும் கெடுத்து, என் இன்ஜினையும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே இன்ஜெக்டர் நாசில்களைச் சோதிக்கக் கொடுத்தோம். இரண்டு மாற்ற வேண்டியிருந்தது. இ.ஜி.ஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்தால் பிக்கப் ஏறும் என்று ஆலோசனை சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். பம்ப்பைத் திருகி டீசலை அதிகம் விட்டு, கரும்புகை கக்கவிட்டு வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எரியாத டீசல் புகையாகப் போவதில் என்ன வீரம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது காரை தெருமுனைக் காலி மனையில் நிறுத்துகிறேன். மாதம் 500 ரூபாய் வாடகை. கடைக்கும் பள்ளிக்கும் ஸ்கூட்டர்தான். வெளியூர் என்றால் மட்டும் கார்.

இருபது வயது

15 வருஷம் முடிந்தபோது, 2021-ல், பதிவைப் புதுப்பித்தேன். அப்போது அதற்கான மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருஷம் ஓட்டலாம். வேண்டாம் என்றால், பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வருஷம் என் காருக்கு இருபது முடிகிறது. வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. "இன்னும் எவ்வளவு நாளைக்கு?" என்கிறாள் மனைவி. நீள நோட்டை அவள் முன் வைத்தேன். கடந்த மூன்று வருஷச் செலவைக் கூட்டினாள். வருஷத்துக்கு 30,000-க்குள் வந்தது. இன்ஷூரன்ஸும் டீசலும் தனி. புது கார் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு என்று அவளே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி, "புகை சோதனையில ஃபெயில் ஆச்சுன்னா மறுபேச்சு கிடையாது" என்றாள். சம்மதித்தேன்.

போன வாரம் பாய் அடியில் படுத்துப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்ற வேண்டும். இடது டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிந்திருக்கிறது. முன் டயர் இரண்டும் எஃப்.சி-க்குத் தாங்காது. பெல்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதையும் நோட்டில் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

புதன்கிழமை பாட்டிக்கு மதுரையில் கண் ஆஸ்பத்திரி. "உன் வண்டியிலேயே போயிடலாம்ப்பா, பஸ் ஏற முடியல" என்றிருக்கிறார். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். தெருமுனை வரை அவர் நடந்து வந்துவிடுவாராம்.